பல்லுக்கு வந்தவர்கள்

போன புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஒன்றுமில்லை — ரிஸ்வானுக்குத் துணையாகத்தான் போனேன். இப்போது யார் யாருக்குத் துணை என்பதில்தான் குழப்பம்.

ரிஸ்வான் (பெயரை மாற்றிவிட்டேன்) கல்யாண வீடியோ எடுப்பவர். எங்கள் கரையோரத்தில் அப்படிப் பல பேர் இருக்கிறார்கள், ஆளைத் தேடாதீர்கள். பல மாதங்களாக அவர் லேப்டொப்பைத் திறப்பதில்லை. போனை எடுப்பதில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடுவதுமில்லை.

"மாப்புள பொண்ணு சிரிக்கிறதப் பாத்தா எனக்கு அழுக வருது நானா" என்றார். எங்கள் பக்கத்தில் நானா என்றால் அண்ணன்.

ஒரு ஜோடிக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. வீடியோ இன்னும் பிறக்கவில்லை! சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

கொழும்பில் தனியார் டொக்டரைப் பார்க்கலாம். ஒரு தடவை போய்வந்தால் ஒரு கல்யாணத்தின் கூலி காலி. சம்பளம், லீவு, காப்புறுதி எதுவும் இல்லாத அவருக்கும், பேப்பரில் கிழமைக்கொரு பத்தி எழுதும் எனக்கும் அது நடக்கிற காரியமா? அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இலவசம். பிறகென்ன கவலை?

கவலை வாங்கில் உட்கார்ந்திருந்தது.

அங்கே பல் டொக்டருக்கும் மனநல டொக்டருக்கும் வாசலில் உட்காரப் போட்டிருந்தது ஒரே வாங்குதான். இருந்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் கைவைத்திருந்தார்கள். அத்தனை பேருக்குமா பல்வலி? நடுவில் ஒரு ஹாஜியார் — வீடியோ கிடைக்காத அந்தப் பெண்ணின் வாப்பா!

ரிஸ்வான் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். "பைத்தியக்காரன்ட்டயா கல்யாண வீடியோவக் குடுத்தோம்னு ஊர்ல கதை பரவினா, பொறகு ஆரு நானா என்னக் கூப்புடுவா?"

நியாயமான கேள்வி. நான் யோசிப்பதற்குள் தாதி மனநலக் கிளினிக் கதவைத் திறந்து "ஏழாம் நம்பர்" என்றார். ரிஸ்வானின் நம்பர். அவர் அசையவில்லை. ஆள் கொஞ்சம் பொறுத்து வருவார் என்று சொல்லத்தான் எழும்பிப் போனேன். தாதி என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

டொக்டர் சின்ன வயதுப் பெண்.

"நித்திர வருதா?"

"இல்ல டொக்டர்." ரிஸ்வானுக்காகத்தான் சொன்னேன்.

"வேலய தொடங்கப் பயமா?"

"ஓம். வெறும் தாளப் பாத்தாலே நெஞ்சு அடிக்கிது. கிழமைக்குக் கிழமை ஆக்களச் சிரிக்க வைக்கணும், எனக்கோ சிரிப்பே வாறதில்ல..."

சொல்லும்போதே சந்தேகம் தட்டியது. ரிஸ்வான் எப்போது பத்தி எழுதினார்?

"டொக்டர், நோயாளி நான் இல்ல. அவர் வெளிய இருக்கிறார்."

"அப்ப இவ்வளவு நேரமும் ஆர்ட கதையச் சொன்னீங்க?"

எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று இந்த நிமிஷம்வரை விளங்கவில்லை.

"சரி. அவரக் கூட்டிட்டு வாங்க. இண்டைக்கு ஏலாட்டி, அடுத்த புதன் ரெண்டு பேரும் வாங்க" என்றார் டொக்டர்.

வெளியே வந்தேன். "பல்லு சொகமா?" என்று கேட்டார் ஹாஜியார். "ஓம் ஹாஜியார்" என்றேன். தாதி "எட்டாம் நம்பர்" என்றார். ஹாஜியார் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். நான் வந்த அதே கதவுக்குள் மெதுவாகப் போனார்.

ரிஸ்வான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, த்ரீவீலருக்குள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். உள்ளே வரவே மாட்டேன் என்றார்.

"டொக்டர் அடுத்த புதன் வரச் சொன்னா."

"என்னயா?"

"என்னையும்தான்."

மேலும் கீழும் பார்த்தார். விளையாடுகிறேனா என்று தேடியிருப்பார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"தனியாப் போக வேணாம் நானா. நான் தொணைக்கு வாறன்."

மாதக்கணக்கில் வாசல் தாண்டாத மனிதர்! நான் அவரை ஏமாற்றினேனா, உண்மையைச் சொன்னேனா? அதுவும் தெரியவில்லை.

ஆகவே, அடுத்த புதன் அந்த வாங்கில் எங்களைக் கண்டால், இருவருமே துணைக்கு வந்தவர்கள். கொஞ்சம் தள்ளியிருந்து இடம் கொடுங்கள் — நீங்களும் பல்லுக்குத்தானே வந்திருப்பீர்கள்?