சாயங்காலம் மட்டும் தொங்கும் இமை

எனக்கு நடிப்பு என்றாலே ஆகாது. சாயங்காலம் வீட்டுப்பாடத்தை எடுத்ததும் என் எட்டு வயது மகளின் இமைகள் தொங்கிவிடும். "எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுதும்மா" என்று இழுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நடிக்காதே, எழுதுடி" என்று தினமும் கத்தினேன். ஒருநாள் இட்லியை மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் டாக்டரிடம் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

கீழ்க்கட்டளையில் குழந்தைகளின் நரம்பு, தசை நோய்களைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் காலை பத்து மணிக்கு நேரம் கிடைத்தது. டாக்டரிடம் போவதென்றால் நம்மவர்களுக்குக் கல்யாண அலங்காரம்தானே. நன்றாகத் தூங்கவைத்து, தலைக்குக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பூ வைத்து பீர்க்கன்கரணையிலிருந்து ஆட்டோவில் கூட்டிப்போனேன். அங்கே மகாராணி கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தாள். ஒற்றைக்காலில் குதித்தாள். கேட்காமலே ஒரு பாட்டும் பாடினாள். என் மானமே போயிற்று.

டாக்டர் சிரித்துவிட்டார். "நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வந்தா இந்த மாதிரி நோய் வெளியே தெரியாதும்மா. பகல் பூரா விளையாட விடுங்க. சாயங்காலம், இமை தொங்கும்போது கூட்டிட்டு வாங்க."

பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று கவலைப்பட்ட ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன். சனிக்கிழமை மதியத் தூக்கம் ரத்து. கேரம், கண்ணாமூச்சி, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி என்று விட்டேன். சாயங்காலம் கிளினிக் போய்ச் சேர்ந்தபோது இமை இரண்டும் பாதி இறக்கிய கடை ஷட்டர் மாதிரி இருந்தன. டாக்டர் ஐஸ் கேட்டார். இமைமேல் வைத்துப் பார்க்க வேண்டுமாம். கிளினிக்கில் மதியத்திலிருந்து கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜில் வெறும் தண்ணீர்தான். எதிரே மீன் விற்றுக்கொண்டிருந்தவளிடம் ஓடினேன்.

"அக்கா, கொஞ்சம் ஐஸ் குடுங்க, பொண்ணு கண்ணுல வைக்கணும்."

"இன்னாமா சொல்ற? வஞ்சரத்துக்கு வெச்சுகீற ஐஸுமா இது!" என்றாள். விஷயத்தைச் சொன்னதும், "அய்ய, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எடுத்துகினு ஓடு" என்று அள்ளிக் கொடுத்தாள்.

இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, துணி சுற்றி, டாக்டர் ஒரு இமைமேல் வைத்தார். "மீன் நாத்தம்மா" என்று மகள் முனகினாள். இரண்டு நிமிடம் கழித்து எடுத்தார். அந்த ஒரு கண் மட்டும் முழுசாகத் திறந்து என்னைப் பார்த்தது.

"குளிர்ச்சி பட்டதும் இமை தூக்கிடுச்சு பாருங்க, மயஸ்தீனியா மாதிரிதான் தெரியுது. நரம்பு சொல்றது தசைக்குச் சரியா போய்ச் சேரலை. ரத்தப் பரிசோதனை செஞ்சு உறுதி பண்ணிக்கலாம். மாத்திரை இருக்கு, பயப்படாதீங்க" என்றார். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மகள் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டர், நான் நடிக்கலைன்னு ஒரு லெட்டர் எழுதித் தருவீங்களா?"

"தரேன் கண்ணு" என்று டாக்டர் பேனாவை எடுத்தார். "ஸ்கூல் மிஸ்ஸுக்குத்தானே?"

"இல்ல, அம்மாவுக்கு."