பரோட்டா மாவில் அனுஷாவின் விரல்

கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகச் சாலை ஹோட்டலில் வன்னியராஜ் பரோட்டா மாஸ்டர். மதியக் கூட்டத்தில் ஒரே கல்லில் இருபது பரோட்டா புரட்டுகிறவனுக்கு வராத வேலை ஒன்றுதான்: காத்திருப்பது. டாக்டர் பத்மஜா மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டு வயது மகள் அனுஷாவின் மோதிர விரலில் சிவந்த கட்டி. ஒரு கிளினிக்கில் வெட்டி எடுத்தார்கள். நான்கே மாதத்தில் முன்னைவிடப் பெரிதாக முளைத்தது.

"புற்று ஒண்ணும் இல்லை, கேட்டோ. குழந்தைகளுக்கு அபூர்வமா வர்றது" என்றார் டாக்டர் தன் மலையாளத் தமிழில். "வெட்டினா திரும்ப வரும். சும்மா விட்டா பெரும்பாலும் தானே வத்திடும். விரல் மடங்காமப் போனா மட்டும் ஆபரேஷன்." அளந்து எட்டு மில்லிமீட்டர் என்று எழுதினார்.

கட்டியின் அளவு தெரிய, அன்றே வன்னியராஜ் மகளின் விரலை மைதா உருண்டையில் அழுத்தி, அந்த உருண்டையைக் காயவைத்தான். மறு மாதம் இன்னொரு உருண்டை. கட்டி பதிந்த பள்ளம் இதில் பாதிதான் இருந்தது.

"வத்திருச்சு டே!" என்று கத்தினான். டீ மாஸ்டர் ஜெயகுமார் கடை முழுக்க லட்டு கொடுத்தான்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி மாடம்மாள் எழுந்து வந்து, இரண்டாவது உருண்டை எந்த மாவு என்று கேட்டாள்.

"இப்பப் பிசைஞ்சது."

"மொதல்ல அழுத்துனது ராத்திரி முழுக்க ஊறுன மாவு. ஊறாத மாவு அழுத்துனா பள்ளம் திரும்ப எழும்பத்தானே செய்யும்? பதினெட்டு வருச மாஸ்டராம்."

ஜெயகுமார் வாயிலிருந்த லட்டை மெல்லுவதை நிறுத்தினான்.

அதன்பின் வன்னியராஜ் மகளின் விரலை மாவில் அழுத்தவில்லை. விரல் மடங்குகிறதா என்று மட்டும் தினமும் பார்த்தான். பார்க்கும்போதெல்லாம் அனுஷா வேண்டுமென்றே விரலை நீட்டிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் அறையில் குழந்தை ஒரு மிட்டாயைக் கண்டதும் ஐந்து விரலையும் மடக்கிப் பிடித்தாள். டாக்டர் அளவுகோலை வைத்தார்.

"அஞ்சு மில்லிமீட்டர்."

வன்னியராஜ் முன்னால் குனிந்தான். "இன்னொருக்கா அளந்துருங்க, டாக்டர்."

"அஞ்சுதான். ஆபரேஷன் வேண்டா."

அவன் அளவுகோலை வாங்கி மனைவியிடம் நீட்டினான். மாடம்மாள் மகளின் கையைத் தன் மடியில் வைத்து, கோடு கோடாக எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"வெளியே நாற்பது பேர் நிக்கிறாங்க, அல்லே?" என்றார் டாக்டர்.

இருவரும் எழுந்திருக்கவில்லை.