பேய்ப் பார்ட்டிக்கு வந்த வெருளி

எங்கள் வீட்டில் ஒரு பார்ட்டி நடக்கப்போகிறது என்பது எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரியவந்தது. ஒரு நாள் பின்னேரம் மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். அதுவரை ஒரு சிரிப்போடு என்னைக் கடந்துபோகும் ஓர் ஆங்கிலத் தாய் அன்று நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சனிக்கிழமைக்கு என் மகனையும் அழைத்ததற்கு மிகவும் நன்றி. அவன் மம்மியாக வருகிறான்,” என்றாள்.

நான் தலையாட்டினேன். மம்மி என்றால் அம்மா என்றுதான் எனக்குத் தெரியும். ஆண்பிள்ளை எதற்காக அம்மா வேஷம் போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே மகளோடு வீட்டுக்கு நடந்தேன். தெருமுனை திரும்பியதும் கேட்டேன்.

“சனிக்கிழமை என்ன பிள்ளை?”

“ஹாலோவீன் பார்ட்டி அம்மா. எங்கட வீட்டில.”

“ஆர் சொன்னது எங்கட வீட்டில எண்டு?”

“நான்தான் சொன்னனான்.”

அவளுக்கு அப்போது ஏழு வயது. எத்தனை பேரைக் கூப்பிட்டாய் என்று கேட்டதற்குக் கையை விரித்து விரல்களை மடக்கத் தொடங்கினாள். ஒரு கை முடிந்து மற்றக் கைக்குப் போனபோது, போதும் என்று சொல்லிவிட்டேன்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. லண்டன் பிளேஸ்டோவில் வரிசை வீடுகளில் ஒன்றின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே முன்னறையில் ஒரு தையல் மெசினைப் போட்டுக்கொண்டு, ஒரு தொழிற்கூடத்துக்குச் சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். அந்தக் கோடைகாலத்தில்தான் என் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து பல நாடுகள் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தான். இருபத்துநாலு வயது. ஊரில் வாய் ஓயாத ஆள். இங்கே வந்த பிறகு கேட்டதற்கு “ஓம் அக்கா”, “இல்லை அக்கா” என்பதோடு சரி. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலைக்குப் போகவும் ஏலாது. யன்னலோரக் கதிரையில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு காரின் கதவைப் பலமாக அடித்துச் சாத்தினால் உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும்.

இந்த நிலையில் பார்ட்டியா என்று எனக்கு ஒரே கவலை. ஹாலோவீன் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், முந்தைய வருடம் முகமூடி போட்ட உருவங்கள் கதவைத் தட்டியதுதான். அந்த வீதியில் வேண்டுமென்றே எங்கள் கதவைத் தட்டிவிட்டுக் கெட்ட வார்த்தை சொல்லி ஓடுகிறவர்களும் இருந்தார்கள். நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தோம். முகமூடியோடு வந்தவர்கள் இனிப்புக் கேட்டு வந்த சின்னப் பிள்ளைகள் என்று மகள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கணவர் வேலையால் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். மனிதன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று சிரித்தார்.

“கூப்பிட்டாச்சு. இனி வரட்டுமப்பா. எங்கட வீட்டுக்கும் வெள்ளைக்காரப் பிள்ளையள் வாறதெண்டால் நல்லதுதானே.”

“என்ன செய்யிறது எண்டு ஆருக்குத் தெரியும்?”

“பேய்க்கு ஆர் படிப்பிக்க வேணும்? நாங்கள் காணாத பேயோ?”

முதல் சண்டை உடுப்பில் வந்தது. மகள் பேயாக வர விரும்பினாள். கட்டிலில் விரிக்கும் வெள்ளைத் துணியில் இரண்டு ஓட்டை போட்டால் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். பெற்ற பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியால் மூட எந்தத் தாய்க்கு மனம் வரும்? காரணத்தை அவளுக்குச் சொல்லவும் முடியவில்லை. அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்று விம்மினாள்.

அப்போது யன்னலோரத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது.

“வௌவால் ஆக்குவம் அக்கா.”

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவன் எழுந்துபோய், மூலையில் கிடந்த உடைந்த குடையை எடுத்து வந்தான். காற்றில் கம்பிகள் மறுபக்கம் மடிந்துபோய், எறிவதற்கென்று நான் வைத்திருந்த கறுப்புக் குடை. அதை விரித்துப் பிடித்தான்.

“வடிவாப் பாருங்கோ. இது வௌவாலின்ர செட்டைதானே?”

உண்மையிலேயே அது வௌவாலின் செட்டைதான். கம்பிகளிலிருந்து துணியைக் கழற்றி நடுவே இரண்டாக வெட்டினோம். வளைந்து வளைந்து கூராக முடியும் அதன் ஓரத்தை யாரும் வெட்டிச் செய்ய வேண்டியதே இல்லை. மகளின் கறுப்புக் கம்பளிச் சட்டையில், கையின் கீழ்ப்பக்கமாக மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை கைக்கொரு பாதியை வைத்து மெசினில் ஒரு ஓட்டம் ஓடினேன். பழைய கறுப்புக் காலுறைக்குள் மட்டையைச் செருகித் தம்பி இரண்டு காதுகள் செய்தான். அவள் கைகளை விரித்துக்கொண்டு முன்னறைக்கும் குசினிக்கும் இடையில் பறந்தாள். எந்தக் கடையிலும் அப்படி ஒரு உடுப்பு இருந்திராது.

அதற்குப் பிறகு வீடே பேய் பிடித்த மாதிரித்தான். கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டி வௌவால்களும் பூனைகளும் செய்து சுவரில் ஒட்டினோம். என் தையலில் மிஞ்சிய வெள்ளை நூலைக் கதவு நிலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிச் சிலந்திவலை ஆக்கினாள் மகள். வேலையால் வந்த கணவர் இருட்டில் அதற்குள் முகத்தைக் கொடுத்துவிட்டு, “ஐயோ!” என்று கத்தினார். வலை நன்றாக வேலை செய்கிறது என்று எங்களுக்குப் பெரிய திருப்தி.

பூசணிக்காய் தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. இன்றுபோல் அந்த நாளில் கடைவாசல்களில் செம்மஞ்சள் பூசணிகள் குவிந்து கிடக்காது. கிறீன் ஸ்ட்ரீட் சந்தையில் துண்டு துண்டாக வெட்டி விற்பார்கள். கணவர் ஒரு கடைக்காரரைக் கெஞ்சி முழுக்காயாக ஒன்றை வாங்கித் தோளில் சுமந்து வந்தார். உள்ளே இருந்த சதையை நான் கறிக்கு எடுத்துக்கொண்டேன். கண்ணும் வாயும் வெட்டும் பொறுப்பைக் கணவர் எடுத்தார். எவ்வளவு முயன்றும் அதற்குப் பயங்கர முகம் வரவில்லை. கலியாண வீட்டுப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்கிற ஒருவரின் முகம்தான் வந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு வைத்திருந்த மண் சுட்டி விளக்கு ஒன்றை உள்ளே ஏற்றி வைத்தோம்.

வெருளி தம்பியின் யோசனை. தோட்டத்தில் காகம் குருவி விரட்ட நிறுத்திவைக்கும் வைக்கோல் பொம்மையை நாங்கள் வெருளி என்போம். வைக்கோலுக்கு எங்கே போவது? கணவரின் பழைய காற்சட்டைக்குள்ளும் கோட்டுக்குள்ளும் பத்திரிகைத் தாள்களைக் கசக்கி அடைத்தோம். தலைக்கு ஒரு தலையணை உறை. அதை யன்னலோரக் கதிரையில் இருத்தினால் ஒரு பக்கம் சரிந்து சரிந்து விழுந்தது. மகள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இது ஆரையும் பயப்படுத்தாது மாமா. நீங்கள் இருங்கோ. நீங்கள்தானே ஆடாமல் இருப்பீங்கள்.”

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு, “ஓம், அதுவும் சரிதான்,” என்று சொல்லி வெருளியின் கோட்டைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை மழை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். குப்பைப் பையில் கை ஓட்டை போட்டு அணிந்த சூனியக்காரிகள் மூன்று பேர். முகத்தில் கரி பூசிய ஒரு பூனை. வெள்ளைத் துணிப் பேய்களும் வந்தன. அவற்றைப் பார்த்தபோது எனக்கு ஏனோ சிரிப்புத்தான் வந்தது. துணிக்குக் கீழே மழைச் சப்பாத்தோடு நிற்கும் பேயைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? கடைசியாக வந்தவன் அந்த மம்மி. எகிப்துக் கல்லறைகளில் துணி சுற்றிக் கிடக்கும் பிணத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவனைக் கண்ட பிறகுதான் விளங்கியது. உடம்பு முழுவதும் கழிவறைக் கடதாசியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். மழையில் அது கூழாகி, வாசலில் நிற்கும்போதே துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. அவன் உதடு பிதுங்கியது.

கணவர் உள்ளே போய்த் தன் பழைய வேட்டியைக் கொண்டுவந்து, என் கண்முன்னாலேயே கிழிக்கத் தொடங்கினார். நீளநீளமாகக் கிழித்து அந்தப் பையனைத் தலையிலிருந்து சுற்றினார். அந்த வேட்டியின் சரிகைக் கரை அவன் நெற்றியில் வந்து நின்றது. “இவன் அரசன் மம்மி,” என்று மற்றப் பிள்ளைகளுக்கு அறிவித்தார். அவனும் அன்று முழுவதும் அரசனாகவே நடந்துகொண்டான்.

விளையாட்டுக்கு நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். மேசையில் பாத்திரங்களை வைத்துத் துணியால் மூடியிருந்தேன். பிள்ளைகள் பாராமல் கையை விட்டு என்னவென்று சொல்ல வேண்டும். ஒன்றில் தோலுரித்த திராட்சைப்பழம், அது பேயின் கண். ஒன்றில் அவித்த சவ்வரிசி, அது தவளை முட்டை. பெரிய பாத்திரத்தில் ஆறிய இடியப்பம். கையை விட்ட முதல் சூனியக்காரி போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் காலால் தட்டினார்.

“புழு! புழு!”

“புழுத்தான். இஞ்ச நாங்கள் அதைத்தான் சாப்பிடுறனாங்கள்,” என்று மகள் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். அரசன் மம்மி முன்னுக்கு வந்து, தனக்கும் புழு வேண்டும் என்றான். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொடுத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். கண்ணைத் திறந்ததும், “இன்னும் கொஞ்சம் புழு,” என்றான். அதற்குப் பிறகு என்னால் கொடுத்து மாளவில்லை.

இவ்வளவு நேரமும் யன்னலோரத்தில் வெருளி அசையாமல் இருந்தது. கோட்டின் கைகளுக்குள்ளிருந்து பத்திரிகைத் தாள் பிதுங்கி நின்றது. முகத்துக்குத் தலையணை உறை. கணவர் “வெருளி, எழும்பு!” என்று சொல்லும்போது எழும்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பிள்ளைகள் கிட்டப்போய்க் குத்திப் பார்த்தார்கள். பூனை அதன் மடியில் ஏறி இருந்து சொக்லேட் தின்றாள். அப்போதும் அசைவில்லை.

திடீரென்று வெளியே வீதியில் யாரோ ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வெருளி துள்ளி எழுந்தது. மடியில் இருந்த பூனையை ஒரு கையால் அணைத்தபடி, கண் மூடித் திறப்பதற்குள் மேசைக்குக் கீழே பாய்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

அது விளையாட்டில்லை என்று கணவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த விளையாட்டு இல்லை. வீடு இடிந்து விழும்படி ஒரு கூச்சல். சூனியக்காரிகளும் பேய்களும் மம்மியும் வௌவாலும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மேசைக்குக் கீழே நுழைந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். உறை கழன்று தம்பியின் முகம் வெளியே தெரிந்தது. உதடு வெளுத்து, முகமெல்லாம் வியர்த்திருந்தது. அவன் பிடிக்குள் இருந்த பூனை அவன் கன்னத்தில் தட்டினாள்.

“இன்னொருக்கா! இன்னொருக்கா செய்!”

அவன் அவளைப் பார்த்தான். சுற்றிவர நெருக்கிக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தான். ஒருவருக்கும் பயமில்லை. எல்லாருக்கும் சிரிப்பு. முதலில் அவனுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்றே நினைத்தேன். பிறகுதான் சத்தம் வந்தது. ஊரில் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும் அவனுடைய பழைய சிரிப்பு.

அன்று அவன் அந்தக் கதிரையிலிருந்து எத்தனை முறை எழுந்து பாய்ந்தான் என்று எனக்குத் தெரியாது. பெற்றோர் வந்து வாசலில் நின்றபோதும் பிள்ளைகள் வெளிக்கிட மறுத்தார்கள். மம்மியின் தாய் என்னிடம், “புழு எப்படிச் செய்வது என்று எனக்குச் சொல்லித்தருவீர்களா?” என்று கேட்டாள். அடுத்த கிழமை அவள் வேட்டித் துண்டுகளைத் தோய்த்து, இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கொண்டுவந்து தந்தாள். கிழிந்த வேட்டிக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எல்லாரும் போன பிறகு சோறும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிட்டோம். தம்பி வாய் ஓயாமல் பேசினான். “மூக்கு என்னமாக் கடிச்சது தெரியுமோ அக்கா? சொறியவும் ஏலாது. அந்தப் பூனைக்குட்டி சொக்லேட்டை என்ர கோட்டில துடைச்சவள் அத்தான்.” மகள் செட்டையைக் கழற்றாமலே அவன் பக்கத்தில் இருந்து, ஒவ்வொன்றையும் அவனைவிடக் கூட்டி நடித்துக் காட்டினாள்.

கை கழுவிவிட்டு வந்தவன் கேட்டான்:

“அடுத்த கிழமை பார்க்கில வாணம் விடுவினமாம். பிள்ளை கேக்கிறாள். கூட்டிக்கொண்டு போகட்டோ அக்கா?”

“உனக்கு ஏலுமோ தம்பி?”

“பாப்பம்,” என்றான்.

போனார்கள். வெளிக்கிடும்போது இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் போனான். திரும்பி வரும்போது மகள் அவன் தோளில் இருந்தாள். பஞ்சு அவள் காதில் இருந்தது.