மெரூன் வண்டியின் பின்சீட்டு

நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. என் இரண்டு முழங்காலிலும் தழும்பு இருக்கிறது. பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

1991 ஜனவரி 24, வியாழக்கிழமை. கார் செய்யும் ஊரான ஃபிளின்ட் நகருக்கு வெளியே, வெர்ன் ஸ்டாசியக்கின் பழைய கார் உடைக்கும் யார்டில் எனக்குக் கூலி வேலை. அதற்கு முன் பதினான்கு வருடம் கார் ஆலையில் வண்டிகளுக்குச் சீட்டு மாட்டினேன். எல்லாம் இரண்டு கதவு சொகுசுக் கார்கள். அறுபதுகளில் தலையெடுத்த ஜாதி. மூக்கே ஓர் ஆள் நீளம். முன்னால் உட்காருகிறவன் ராஜா. பின்னால் உட்காருகிறவர் எக்கேடு கெட்டால் என்ன? எழுபதுகளில் பின்ஜன்னலையும் சுருக்கி, முட்டை வடிவத்தில் ஒரு கண்ணாடி வைத்தார்கள். திறக்காது. அதுதான் அழகாம். பெட்ரோல் விலை ஏறியும் ஜனங்கள் விடவில்லை. எழுபத்தேழில் மூத்திரம் போக நேரமில்லாமல் செய்து தள்ளினோம். பிறகு வண்டி சிறுத்தது, விற்பனை படுத்தது, ஆலைக்குப் பூட்டு. செய்த கையாலேயே நசுக்க வந்தேன்.

அன்று கடைசி வண்டி எழுபத்தாறாம் வருடத்து மெரூன். பேட்டரியைக் காலையிலேயே நான் கழற்றிவிட்டேன்.

மாலை 5.05. இருட்டிக்கொண்டு வருகிறது. பனி கொட்டுகிறது.

"என்ன ஆர்வில், மாமியார் வீட்டு வண்டியா? தடவிக் குடுத்துட்டு நிக்குற!" வெர்ன் கத்தினான். "வலது பக்க முட்டைக் கண்ணாடிய கழட்டு. ஆறு மணிக்கு நசுக்குற மெஷின் வேற யார்டுக்குக் கிளம்பிடும்."

"உள்ள தூங்கிடாதய்யா," என்று இளித்தான், வண்டிகளைத் தூக்கி மெஷினில் போடும் ஃபோர்க்லிஃப்டை ஓட்டும் டுவெயின். "உன் பொண்டாட்டிக்கு உன்னத் தகடா அனுப்ப வேண்டியிருக்கும்."

எங்கள் யார்டில் ஒரு வழக்கம். உள்ளே ஆள் இருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். கதவு மூடியிருந்தால் காலி வண்டி. தூக்கிவிடலாம்.

கதவை அகலத் திறந்துவைத்துப் பின்சீட்டில் ஏறினேன். கண்ணாடி எல்லாம் உள்பக்கமாக வேர்த்திருந்தது. யாரோ மூச்சு விட்ட மாதிரி. சுருட்டு வாசனை வேறு. பழைய வாசனை இல்லை. இப்போது பிடித்தது.

5.11. இரண்டு ஸ்க்ரூ கழற்றிவிட்டேன்.

5.14. டப்.

கதவு சாத்திக்கொண்டது. சாதாரணக் கதவா அது? இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற எடை. காற்றும் இல்லை.

முன்சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

வெல்வெட் மெல்ல அமுங்கியது... கனத்த ஆள் ஒருவர் உட்கார்ந்த மாதிரி.

யாரும் இல்லை.

ம்ம்ம்ம்ம்...

சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் மோட்டார். பேட்டரியே இல்லாத வண்டியில்!

சீட்டு பின்னால் வந்தது. என் முழங்காலில் இடித்தது. நிற்கவில்லை.

"டுவெயின்!"

வெளியே ஃபோர்க்லிஃப்ட் இரைச்சல். வண்டி குலுங்கியது. தரையை விட்டு எழும்பியது.

ஸ்க்ரூடிரைவரால் கண்ணாடியைக் குத்தினேன். கீறல்தான் விழுந்தது.

எலும்பு நெரிகிறது...

மூச்சு வரவில்லை...

5.17.

வண்டி நின்றது. இறங்கியது. கதவு திறந்த நொடியில் சீட்டு தளர்ந்தது. டுவெயின் என்னை இழுத்துப் போட்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ கையாட்டினதப் பாத்துத்தான்யா நிறுத்தினேன்."

"நான் ஆட்டலையே."

"இடது பின்ஜன்னல்ல ஒரு கை வெளிய நீட்டி ஆட்டுச்சே! நகத்துல சிவப்புச் சாயம்... மோதிரம்..."

நான் வலது பக்கம் சிக்கிக் கிடந்தேன். இடது கண்ணாடி முழுசாக இருந்தது. விரிசல்கூட இல்லை.

"ரெண்டு பேரும் குடிச்சிருக்கீங்களாடா?" என்று வெர்ன் வைதான். அவனே ஃபோர்க்லிஃப்டில் ஏறி வண்டியைத் தூக்கி மெஷினில் போட்டான். 5.52-க்கு அது ஒன்றரை அடி உயரத் தகடு.

ஞாயிற்றுக்கிழமை, வண்டியை விற்றவனுக்கு ஃபோன் போட்டேன். லைல் என்று பெயர். நடந்ததைச் சொன்னேன்.

"அது எங்கப்பா வண்டி," என்றான். "எழுபத்தெட்டு பனிப்புயல்ல, ஏதோ சண்டை. அம்மாவப் பின்னாடி ஒக்கார வச்சு, சீட்டப் பின்னுக்குத் தள்ளி நெருக்கிட்டு, குடிக்கப் போயிட்டாரு. காலைல பாத்தா, இடது கண்ணாடிய ஒடச்சு ஒரு கை மட்டும் வெளிய... வெறச்சுக் கெடந்துச்சு."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் புதுக் கண்ணாடி மாட்டினாரு. சாகுற வரைக்கும் பன்னெண்டு வருஷம், வாயில சுருட்டோட அதே வண்டியத்தான் ஓட்டினாரு."