புளி போட்டுத் தேய்த்த சிகாகோ பதக்கம்

1996 மார்ச், ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதே காலுக்கு ஸ்காபரோவிலிருந்து பக்கத்து வீட்டுக் குலம் அண்ணையின் காரில் வெளிக்கிட்டேன். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் பதக்கக் கண்காட்சி. நாற்பது கிலோமீற்றர் தூரம். நுழைவு மூன்று டொலர்.

பிள்ளைகளே, அமெரிக்காவின் பழைய உலகக் கண்காட்சிகளுக்கென அடித்த பதக்கங்களை நான் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். 1893 சிகாகோ வெண்கலப் பதக்கம் என்னிடம் இரண்டு. 1876 பிலடெல்பியா ஒன்றும் இல்லை. ஆறு வருடமாகத் தேடுகிறேன். ஒரு சிகாகோவைத் தந்தால் பிலடெல்பியாவைத் தருவதாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர் டெலிபோனில் சம்மதித்திருந்தார்.

சிவப்பு விளக்கொன்றில் கார் நின்றபோது மாற்றக் கொண்டுபோன சிகாகோப் பதக்கத்தின் பொதியைப் பிரித்துக் காட்டினேன்.

"உதென்ன, கோயில் குத்துவிளக்கு மாதிரி மினுங்குது?" என்றார் குலம் அண்ணை.

"புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சனான் அண்ணை. ஒருத்தருக்கு ஊத்தையாக் குடுக்கலாமே?"

"அப்ப அந்தாள் தேங்காயும் உடைச்சுத்தான் வாங்கும்!"

பத்து மணிக்கு மண்டபத்துக்குள் போனோம். கிழவர் பிலடெல்பியாவை என் கையில் வைத்தார். வறுத்த கோப்பிக்கொட்டையின் நிறம். அதில், வாளோடு எழும்பும் ஒரு பெண்ணின் உருவம். என்னுடையதைக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவரின் முகம் மாறியது.

"இதை என்ன செய்தாய்?"

புளி போட்டதைச் சொன்னேன். அவர், "நூறு வருடம் ஏறிய நிறத்தை உரித்துவிட்டாய்! இனி இதை எவனும் தொடமாட்டான்" என்று பிலடெல்பியாவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். என் பதக்கம் மேசை மேசையாகப் போனது. ஒருவன் அதை மோந்து பார்த்து, "சாலட்டுக்குப் போடலாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

மினுக்கியது என் பிழை. மாற்ற மறுத்தது அவருடைய உரிமை. ஆனால் தெரியாமல் பிழை விட்டவனைக் காட்சிப் பொருளாக்க யார் உரிமை கொடுத்தது? போய் என் பதக்கத்தைப் பறித்துக்கொண்டு நடந்தேன்.

"கோபிக்காதே," கிழவர் பின்னால் கத்தினார். "தொடாமல் வை. ஐம்பது வருடத்தில் நிறம் தானாக வரும்."

காரில் திரும்பும்போது குலம் அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"நீங்களுமோ?" என்றேன்.

"இல்லையடாப்பா... சாலட் எண்டானே, அதுதான்."

வீடு வந்ததும் காரிலிருந்து இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

பதக்கத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். 2046இல் உங்களுக்கு அறுபது வயதளவில் இருக்கும். அப்போது பிரியுங்கள். அந்தக் கிழவரின் பேரப்பிள்ளைகளிடம் பிலடெல்பியா இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். அவர்கள் சிரித்தார்களென்றால், கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.