ஒரு படி கீழே

அந்த இசைத்தாளின் மூலையில், தலைப்புக்குக் கீழே, எந்த டிரம்பெட்டுக்கு எழுதியது என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. வாசித்தேன் என்று சொன்னேன். அறுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தபோது, எனக்கு மூச்சும் கூட, வாய்க்கொழுப்பும் கூட.

பங்குக் கோயில் மண்டபத்தில் ஒரு சங்கீத மாலை. நான் தனியாக டிரம்பெட் ஊத, டெலிபோன் அக்கா பியானோ வாசிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் வேலை என்பதால் ஊருக்கே அவர் டெலிபோன் அக்காதான். கலியாணம் கட்டாதவர். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகும் உப்புவெளி பஸ்ஸைக்கூட விட்டுவிட்டுக் கோயில் பியானோவில் போய் உட்காருவார். பாடற்குழுவுக்கு வாசிப்பதுதான் அவருடைய சந்தோஷம் முழுவதும்.

வழக்கமான உருப்படிகளை வெள்ளைக்காரக் கடற்படையின் பாண்ட்காரர் ஊதி ஊதி ஊருக்கே மனப்பாடம். பிழை விட்டால் மீன் வாங்க வந்தவனும் கண்டுபிடிப்பான். ஆகவே அவர்கள் விட்டுப்போன இசைத்தாள் கட்டுக்குள்ளிருந்து, ஒருவரும் கேட்டிராத ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். ரசனை என்று எல்லாரிடமும் அளந்தேன். உண்மையில் பயம். பியானோவுக்கான தாளை அக்காவிடம் கொடுத்தபோது மூன்று நாள்தான் இருந்தது. சேர்ந்து ஒருதரம் வாசித்துப் பார்ப்போம் என்று அவர் இரண்டு முறை ஆளனுப்பினார். வேலை என்று தட்டிக்கழித்தேன். சங்கீத மாலையன்று மண்டப வாசலில் கேட்டார்:

“தம்பி, உங்கட டிரம்பெட்டுக்கு எழுதினதுதானோ எண்டு பாத்தனீங்களோ?”

“ஓம் அக்கா, பாத்தனான்.”

என்னுடையது பி பிளாட் டிரம்பெட். தாளோ சி டிரம்பெட்டுக்கு எழுதியது. அப்படியே ஊதினால் ஒவ்வொரு சுரமும் ஒரு படி இறங்கித்தான் கேட்கும். தொடங்கியதுமே பியானோவும் நானும் நாயும் பூனையுமாக முட்டிக்கொண்டோம். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. நான் நிறுத்தவில்லை. அவர் தன் பங்கு முழுவதையும் அந்த இடத்திலேயே ஒரு படி இறக்கி, முடியும்வரை ஒரு விரல் பிசகாமல் வாசித்தார். எனக்குக் கைதட்டல் விழுந்தது.

பியானோ தடுமாறிப் பிறகு திருந்தியது என்றுதான் சனம் விளங்கிக்கொண்டது. தேத்தண்ணீர் நேரம் பாடற்குழுத் தலைவர், எந்நேரமும் டெலிபோனைக் காதில் மாட்டி அக்காவுக்குக் காது போய்விட்டது, இனி அவரால் ஏலாது என்றார். பங்குச் சுவாமி என் முகத்தைப் பார்த்தார். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். அடுத்த ஞாயிறு பியானோவில் வேறொருவர். அக்கா பெண்கள் பக்கம் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் நின்று, பிழை என்னுடையது என்றேன்.

“எனக்கு அந்தப் பிழை வடிவாக் கேட்டது, தம்பி,” என்றார். “கேளாத ஆக்களுக்குச் சொல்லுங்கோ.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே சுவாமியிடம் போவதென்று சைக்கிளை எடுத்தேன். கோயில் வாசலில் பாடற்குழுத் தலைவர் நின்றார். நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு தனி உருப்படி ஊத வேண்டும் என்றார். சரி என்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு அக்காவின் அடக்கத்தில், காது மந்தமான பிறகும் கோயிலை விடாதவர் என்று ஒருவர் புகழ்ந்து பேசினார். பெட்டிக்கு நாலடி தள்ளி நின்று, நானும் தலையாட்டினேன்.