இடது ஜன்னலில் ஸ்ரீரங்கம்

அத்தை ஸ்கூலில் சமூக அறிவியல் டீச்சர். வருஷா வருஷம் ஆறாம் வகுப்பில் ஆறுகள் பாடம் வரும்போது ஒன்று சொல்வார்: "ஏழு வயசுல மெட்ராஸ்லேர்ந்து ப்ளேன்ல வந்தேன். மேலேர்ந்து என் கண்ணால பார்த்தேன். ஸ்ரீரங்கம் நிஜமாவே தீவுதான், ரெண்டு பக்கமும் தண்ணி." இந்த வருஷம் முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நீங்க பார்த்தது ஞாபகம் இருக்கா, இல்ல மேப்ல இருக்கறதைச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள். அதுதான் அத்தையை உலுக்கிவிட்டது.

ஏனென்றால் அதே கேள்வியை அப்பா நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர்கள் இருவரும் அந்த ஒரு தடவைதான் சேர்ந்து பறந்தார்கள். தாத்தா வேலை பார்த்த கம்பெனியில் முதலாளி வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் போகாததால் மூன்று டிக்கெட் தாத்தா கைக்கு வந்தது. தாத்தா நடைபாதைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இரண்டு சீட், இரண்டு பிள்ளைகள், ஒரே ஜன்னல்.

"ஜன்னல்ல நான் இருந்தேன். அவ தூங்கிட்டா. எறங்கினப்புறம் நான் சொன்னதைக் கேட்டுட்டு, தானே பார்த்த மாதிரி ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருக்கா" என்பார் அப்பா.

"போ அண்ணே" என்பார் அத்தை. முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தப் பெண் கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் கே.கே.நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, நேராக என் அறைக்குள் நுழைந்து, "ஏண்டி, நீதான் எந்நேரமும் பழைய ப்ளேன் ஓட்டுறியே, அந்த ப்ளேனை ஓட்டிக் காட்டு. நான் பார்த்தேனா இல்லையான்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! நான் ஓட்டுவது கம்ப்யூட்டரில், ஃப்ளைட் சிமுலேட்டரில். நிஜ விமானத்தில் நான் இதுவரை ஏறியதில்லை. பெரிய ஜெட் மேல் ஆசையும் இல்லை. ஊருக்கு ஊர் நின்று நின்று போன அந்தக் காலத்து இரட்டை ப்ரொபெல்லர் விமானங்கள், நாற்பது சொச்சம் சீட், அவைதான் என் பைத்தியம். இதற்கென்று ஆன்லைனில் ஒரு குழு இருக்கிறது. பழைய கால அட்டவணைகளைத் தேடி எடுத்து, அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே வழியில் போவோம். ஜி.பி.எஸ். கிடையாது. திசை காட்ட ஒரு ரேடியோ முள், ஒரு கடிகாரம், மடியில் மேப். எங்கள் குழுவில் அதுதான் சட்டம்.

மூன்று வாரம் உழைத்தேன். ரன்வேயை அன்றிருந்த நீளத்துக்குக் குறைத்தேன். அன்றைக்கு இல்லாத எங்கள் கே.கே.நகரையே அழித்துவிட்டுப் பொட்டல் போட்டேன். சீட் துணியின் நிறத்துக்காக மட்டும் இரண்டு நாள்.

அப்பா ப்ளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெல்ட் எங்க? மிட்டாய் குடுப்பாங்களே, காதுக்குப் பஞ்சு குடுப்பாங்களே?"

"அண்ணே, கொஞ்சம் சும்மா இரேன்."

முதல் தடவை நேர்வழியில் வந்தேன். மெட்ராஸிலிருந்து தென்மேற்காக வந்தால் ஸ்ரீரங்கம் வலது பக்கம்தான் வரும். வந்தது. அப்பா தொடையில் தட்டினார். "பார்த்தியா? வலது பக்கம். அங்கதான் நான் உக்காந்திருந்தேன்." அத்தைக்கு நினைவிருந்தது இடது ஜன்னல். அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன். வயல், வயல், வயல். அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அப்புறம் டீச்சர் குரலில் கேட்டார்.

"அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்னு வெச்சிருக்க?"

"மேற்குக் காத்து."

"நாங்க வந்தது ஐப்பசி. மழை பெஞ்சுது. வாடைக்காத்து அடிச்சிருக்கும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்படியென்றால் ஊரைத் தாண்டி மேற்கே போய், வளைந்து, கிழக்கே பார்த்து இறங்க வேண்டும். அப்போது வடக்கு முழுக்க இடது ஜன்னலில். காற்றை மாற்றி, ஆறுகளில் தண்ணீர் விட்டு, மறுபடி வந்தேன். கடைசித் திருப்பம் முடிந்து இறக்கை நேரானதும் இடது பக்கம் மலைக்கோட்டை, அதற்குப் பின்னால் காவிரி, பச்சையாகத் தீவு, தென்னைகளுக்கு மேலே ராஜகோபுரம், அதற்கும் பின்னால் கொள்ளிடம்.

"இதேதான்!" அத்தை எழுந்தே விட்டார். "முதல்ல பாறை, அப்புறம் தண்ணி, அப்புறம் கோபுரம். இதேதாண்டி!"

வேடிக்கை என்னவென்றால், அப்பாவும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஆமா... நான் பார்த்ததும் இதுதான். வலதுன்னு எப்படிச் சொன்னேன்?" என்றார்.

அத்தைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "இதைப் பென்டிரைவ்ல போட்டுக் குடு. திங்கக்கிழமை க்ளாஸ்ல அந்தப் பொண்ணுக்குக் காட்டணும்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

நான் பெருமையில் ஒரு படத்தை, வருஷத்தையும் குறித்து, குழுவில் போட்டேன். துறையூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பவர். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "எல்லாம் அருமைங்க. ஆனா அந்த வருஷத்துல ராஜகோபுரம் ஏதுங்க? அப்ப அது மொட்டைக் கோபுரம்ல?"

திரும்பத் திரும்பப் படித்தேன். சீட் துணியின் நிறம் பார்த்தவள் கோபுரத்தைப் பார்க்கவில்லை. நான் பிறந்தபோதே அது நின்றது. அது இல்லாத ஸ்ரீரங்கம் என் தலைக்குள் இல்லை. சரி, நான் விட்டேன். அவர்கள்? அந்த மொட்டையின் அடியிலேயே வளர்ந்தவர்கள். மேல் நிலைகள் எழும்பியதை நின்று பார்த்தவர்கள். இருவரும் திரையைப் பார்த்து, அன்றைக்கு இல்லாத கோபுரத்தைக் காட்டி, இதேதான் என்றார்கள். அப்படியானால் இவர்களுக்கு எது ஞாபகம்? பாறையும் தண்ணீரும் மட்டும் நிஜமா, இல்லை அவையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவையா? சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். திங்கட்கிழமை அந்தப் பெண்ணே கேட்டுவிட்டால்?

சனிக்கிழமை மத்தியானம் பென்டிரைவ் வாங்க அத்தை வந்தார். கோபுரத்தை எடுத்துவிட்டு, அடிக்கட்டு மட்டும் வைத்து, அதே காற்றில், அதே திருப்பத்தில் இறங்கினேன். தென்னைகளுக்கு நடுவே சப்பையாக ஒரு கல்கட்டு.

"இது எந்த ஊரு?" என்றார் அத்தை.

"ஸ்ரீரங்கம்தான் அத்தை. அப்ப மொட்டைக் கோபுரம்."

திரைக்குக் கிட்டே குனிந்தார். "ஆமாம்ல? தினம் அதுக்குள்ள பூந்துதானே ஸ்கூலுக்குப் போனேன். மேல செடி மொளைச்சுக் கெடக்கும்." குரல் தணிந்தது. "அப்ப நான் பார்த்த கோபுரம் எது? கண்ணை மூடினா இப்பவும் உசரமாத்தான் நிக்குது. அண்ணே! இங்க வா."

அப்பா வந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஜன்னல் சீட்டு நீயே வெச்சுக்க அண்ணே" என்றார் அத்தை. "நான் தூங்கித்தான் போயிருப்பேன் போல."

இத்தனை வருஷம் எதற்காகச் சண்டை போட்டாரோ அது கைக்கு வந்ததும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இல்லம்மா, இரு. நானும்தான் அந்தக் கோபுரத்தைப் பார்த்தேன்னேன். ஒருவேளை நீ ஜன்னல்ல இருந்து சொல்லச் சொல்ல நான் கேட்டிருப்பேனோ? எனக்குக் குமட்டிக்கிட்டு வந்தது, அது நல்லா ஞாபகம் இருக்கு. குனிஞ்சுக்கிட்டே இருந்தேன்."

"உனக்குக் குமட்டினது பஸ்ல அண்ணே."

"பஸ்லயா?"

"தொட்டியம் போனப்ப."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள், என்னிடம் ஏதோ பொத்தான் இருப்பதுபோல. என்னிடம் காற்று இருந்தது, தண்ணீர் இருந்தது, இரண்டு கோபுரங்கள் இருந்தன.

"எதைப் போட்டுத் தரட்டும் அத்தை?"

"ரெண்டையும் போடு" என்றார், கைப்பையை மூடியபடி. "திங்கக்கிழமை ரெண்டையும் காட்டுறேன். எது நான் பார்த்ததுன்னு அந்தப் பொண்ணு கேப்பா. தெரியலம்மான்னு சொல்லிடுறேன். ஏறினேன், எறங்கினேன், அது வரைக்கும் நிச்சயம்."

"ஏறினது நிச்சயம்தானே?" என்றார் அப்பா, நிஜமான கவலையோடு.